303ஆம் பிரிவும் பதினாறு கிழமையும்

"இது ஜெயிலுக்குப் போற கேஸா அக்கா?"

மனைவியின் வயிற்றிலிருந்த பிள்ளையைக் கலைப்பது பற்றிய இந்தக் கேள்வியை அவன் கோவிலிலும் கேட்கவில்லை, ஆஸ்பத்திரியிலும் கேட்கவில்லை. நான் தட்டச்சு வேலை பார்க்கும் சட்டத்தரணியின் கந்தோருக்கு வந்து கேட்டான். அன்று செவ்வாய்க்கிழமை, ஐயா வழக்குக்குப் போயிருந்தார், நான் ஒரு காணி உறுதியின் எல்லைகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அவன் நிலாவெளிப் பக்கத்துக் கடற்தொழிலாளி, கோவிலில் முதல் தடவை நற்கருணை வாங்குவதற்கு, அதாவது முதல் நன்மைக்கு, என்னிடம் படித்த பையன். அந்த உறவில்தான் வந்திருக்கிறான் என்று நினைத்தேன். அப்படி இல்லை, கந்தோரில் சட்டப் புத்தகம் இருக்கும், அதில் பார்த்துச் சொல்வார்கள் என்றுதான் வந்தானாம்.

சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஸ்கேன் தாள் ஒன்றை எடுத்து மேசையில் விரித்தான். வியர்வையில் மடிப்புகள் ஊறிப்போயிருந்தன. மனைவிக்கு 29 வயது, இது இரண்டாவது பிள்ளை, மூத்தவனுக்கு ஐந்து வயது. 21ஆவது கிழமையில் ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள். தாளில் இருந்த பெயர் அனென்செபலி. கரு உண்டாகி ஏறக்குறைய 28 நாளுக்குள் மூடிக்கொள்ள வேண்டிய நரம்புக் குழாயின் மேல்முனை மூடாமல் போனால் மண்டையோடும் மூளையின் பெரும்பகுதியும் உருவாகாது. இப்படிப் பிள்ளைகளில் பலர் வயிற்றிலேயே இறந்துவிடுவார்கள், உயிரோடு பிறப்பவர்களும் பெரும்பாலும் சில மணித்தியாலம், கூடிப்போனால் சில நாள். சிகிச்சை என்று ஒன்றும் கிடையாது.

இதை எழுதுவதற்கு அவனும் அவளும் சம்மதித்திருக்கிறார்கள். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சிலதை மாற்றியிருக்கிறேன். ஆஸ்பத்திரியின் பெயரும் எங்கள் கோவில் பங்கின் பெயரும் இதில் இல்லை, தேடவும் வேண்டாம்.

அலுமாரியிலிருந்து இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவையை எடுத்து 303ஆம் பிரிவை வாசித்துக் காட்டினேன். 1883இல் வெள்ளைக்காரன் காலத்தில் எழுதிய சட்டம், அதற்கு முன் இந்தியாவுக்கு 1860இல் எழுதியதைப் பார்த்து எழுதியது. தாயின் உயிரைக் காப்பாற்றும் நோக்கத்தோடு நல்லெண்ணத்தில் செய்தால் தவிர, கர்ப்பிணி ஒருத்திக்குக் கருச்சிதைவு உண்டாக்குகிறவருக்கு 3 வருடம் வரை சிறை, அல்லது தண்டப்பணம், அல்லது இரண்டும். பிள்ளை வயிற்றில் அசையத் தொடங்கிய பிறகு என்றால் 7 வருடம் வரை, தண்டப்பணமும் சேர்த்து. கீழே ஒரு விளக்கம் இருக்கிறது: தனக்குத்தானே செய்துகொள்ளும் பெண்ணும் இந்தப் பிரிவுக்குள் அடங்குவாள்.

"அப்ப அவளுக்கும் சேத்தா?"

"ஓம்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு கேட்டான்: "சரி அக்கா, செய்யேல்லை எண்டு வைப்பம். செய்யாட்டி சட்டம் எங்களுக்கு என்ன தரும்?"

307 வரைக்கும் புரட்டினேன். பெண்ணின் சம்மதம் இல்லாமல் செய்தால் என்ன, செய்யும்போது பெண் இறந்துபோனால் என்ன, பிள்ளை உயிரோடு பிறக்காமல் தடுத்தால் என்ன என்று வரிசையாகத் தண்டனைகள் இருக்கின்றன. அவன் கேட்டதற்கான பதில் அந்தப் பக்கங்களில் இல்லை.

அந்தக் கேள்விதான் இதை எழுத வைத்தது. நான் கத்தோலிக்கப் பெண். கருக்கலைப்பைப் பற்றித் திருச்சபை சொல்வதை முழு மனதோடு ஏற்கிறேன், அதில் பாதி மனது எனக்கு இல்லை. ஆனால் இலங்கையில் சட்டம் ஏற்கெனவே கடுமையாக இருக்கிறது, ஆகவே எங்கள் வேலை அந்தச் சட்டம் அசையாமல் பார்த்துக்கொள்வது மட்டும்தான் என்று எங்களில் நிறையப் பேர் நினைக்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், அந்தச் செவ்வாய்க்கிழமை வரைக்கும்.

ஸ்கேன் எடுத்த நாளிலிருந்து அவன் கந்தோருக்கு வந்த நாள் வரை பத்து நாள். அந்தப் பத்து நாளில் நடந்ததைக் கேளுங்கள். டொக்டர் ஸ்கேன் திரையைக் காட்டி விளக்கியிருக்கிறார், சட்டத்தில் இடமில்லை, ஒன்றும் செய்ய முடியாது, அடுத்த மாதம் கிளினிக்குக்கு வாங்கோ என்று சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான். கொழும்பில் இருக்கும் ஒன்றுவிட்ட அண்ணன் தொலைபேசியில் ஓர் இடத்தைச் சொல்லி, 70 ஆயிரம் ஆகும், ஒரே நாளில் முடிஞ்சிடும் என்றிருக்கிறார். இவன் போட் முதலாளியிடம் முற்பணமும் வாங்கிவிட்டான். அந்த ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் வேறு ஏதோ காரணத்துக்காகக் கருக்கலைப்பு கொலைப் பாவம் என்று சொல்லப்பட்டிருக்கிறது, இருவரும் மூன்றாவது வாங்கில் இருந்து கேட்டிருக்கிறார்கள். கோவிலில் யாரிடமும் வாய் திறக்கவில்லை. பஸ்ஸில் ஏற விடாமல் அவர்களைப் பிடித்து வைத்திருந்தது பொலிஸ் பயம் ஒன்றுதான்.

ஆக, சட்டம் பத்து நாள் தாக்குப்பிடித்தது. இதை நான் லேசாகச் சொல்லவில்லை, அந்தப் பத்து நாள் எனக்கு மிகப் பெரியது. பதினோராவது நாள் என்ன நடந்திருக்கும் என்பதுதான் என்னை உலுக்கியது.

திருச்சபையின் போதனையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், ஏனென்றால் இதில் எங்கள் சனம் இரண்டு விஷயத்தை ஒன்றாகக் குழப்புகிறது. முதலாவது, நேரடிக் கருக்கலைப்பு. அதை நோக்கமாகச் செய்தாலும் சரி, வேறு நல்லதுக்கு வழியாகச் செய்தாலும் சரி, எப்போதும் பாரதூரமான தீமை. முதல் நூற்றாண்டுகளில் எழுதப்பட்ட திதாக்கே என்ற சிறு நூலிலேயே இது இருக்கிறது. பாப்பரசர் இரண்டாம் ஜோன் போல் 1995 மார்ச் 25இல் வெளியிட்ட 'வாழ்வின் நற்செய்தி' என்ற சுற்றுமடலின், அதாவது திருச்சபை முழுவதற்கும் எழுதிய கடிதத்தின், 62ஆம் பத்தி அதையே தன் முழு அதிகாரத்தோடு உறுதிப்படுத்துகிறது. பிள்ளை ஊனமா, எத்தனை நாள் இருக்கும், எப்படி உண்டானது என்பதைப் பொறுத்து இது மாறாது. எங்கள் சட்டத்தில் இருக்கிற, வயிற்றில் அசைந்ததா இல்லையா என்ற கோடும் போதனையில் கிடையாது.

இன்னொன்று, கோவில் சனத்தில் பலருக்குத் தெரியாதது: தாயின் உயிரைக் காக்க என்ற எங்கள் சட்டத்தின் விதிவிலக்கும் திருச்சபையின் நிலைப்பாடும் ஒன்றல்ல. பிள்ளையைக் கொல்வதையே வழியாக எடுத்துத் தாயைக் காப்பாற்றுவதைத் திருச்சபை ஏற்காது. ஆனால் தாயின் நோய்க்குத் தேவையான வைத்தியத்தைச் செய்யலாம், அதன் பக்கவிளைவாகப் பிள்ளை இறந்தாலும்கூட. கர்ப்பப்பையில் புற்றுநோய் என்றால் கர்ப்பப்பையை எடுப்பது, குழாயில் கரு தங்கி வெடிக்கப்போகிறது என்றால் அந்தக் குழாயை எடுப்பது, இவை அந்த வகை. இதைத் தெரியாமல், கத்தோலிக்கர் என்றால் தாயைச் சாக விடுவார்கள் என்று பேசுகிறவர்கள் வார்டுகளில் இருக்கிறார்கள். அந்தப் பேச்சு கர்ப்பிணியின் காதில் விழுந்தால் அவள் கோவில் பக்கம் வருவாளா?

இரண்டாவது விஷயம் நாட்டுச் சட்டம். ஒன்று பாவம் என்பதால் அதைச் சட்டம் தண்டித்தே ஆக வேண்டும் என்று திருச்சபை ஒருபோதும் சொன்னதில்லை. புனித தோமஸ் அக்குவினாஸ் 13ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவிட்டார், மனிதச் சட்டம் எல்லாத் தீய பழக்கத்தையும் தடுக்காது, பெரும்பாலானவர்களால் தவிர்க்கக்கூடிய கடும் தீமைகளை, முக்கியமாகப் பிறருக்குத் தீங்கு செய்வதை, கொலை களவு போன்றதைத்தான் தடுக்கும் என்று. பொய் பாவம்தான், ஆனால் வீட்டில் சொன்ன பொய்க்குப் பொலிஸ் வராது. கருக்கலைப்பு ஏன் பொய்யைப் போலச் சட்டம் விட்டுவிடுகிற பாவங்களோடு சேராது என்றால், அங்கே இன்னொரு ஆள் இருக்கிறார். இது கத்தோலிக்க வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகிற வாதம் இல்லை. நாங்கள் நாட்டில் நூற்றுக்கு ஆறு பேர் அளவுதான், திருகோணமலையில் கோணேசரும் பள்ளிவாசலும் விகாரையும் மாதா கோவிலும் ஒரே வட்டத்துக்குள் இருக்கின்றன, எங்கள் மறையை எவர் தலையிலும் கட்ட முடியாது, கட்டவும் கூடாது. யார் கொல்லப்படக்கூடாதவர் என்பது புத்தியால் பேசித் தீர்க்க வேண்டிய காரியம், அதற்கு ஞானஸ்நானச் சான்றிதழ் தேவையில்லை.

வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 1974 நவம்பர் 18இல் கருக்கலைப்பைப் பற்றி வெளியிட்ட அறிக்கை இந்த இடத்தில் மிகத் தெளிவானது. சட்டம் முழு ஒழுக்கத்தையும் தன் கைக்குள் எடுக்க முடியாது, பெரிய தீமை வராமலிருக்கச் சிலதைச் சகித்துக்கொள்ள நேரிடும், சில வேளை தண்டிக்காமல்கூட விடலாம், ஆனால் இயற்கை நீதிக்கு எதிரான ஒன்றைச் 'சரி' என்று அறிவிக்க அதற்கு உரிமை இல்லை. தண்டிக்காமல் விடுவது ஒன்று, உரிமை என்று எழுதிக்கொடுப்பது வேறு. 1987இல் அதே பேராயம் இன்னும் இறுக்கமாக, பிறக்காத பிள்ளையின் உரிமையை வேண்டுமென்றே மீறுவதற்குச் சட்டம் உரிய தண்டனை வைக்க வேண்டும் என்று சொன்னது. அந்த வரியைத் தாண்டிப் போக எனக்கு மனமில்லை. ஆனால் உரிய தண்டனை என்றால் எவ்வளவு, யார் மேல் என்பதை அந்த வரி வரையறுக்கவில்லை. பயந்துபோன தாயைச் சிறையில் போட வேண்டும் என்று திருச்சபையின் எந்த ஆவணத்திலும் நான் வாசித்ததில்லை. அது ஆட்சி செய்கிறவர்கள் புத்தியோடு தீர்மானிக்க வேண்டியது, அங்கே நல்ல கத்தோலிக்கர்கள் இரண்டு பேர் இரண்டு விதமாக நினைக்கலாம் என்பது என் கருத்து.

அந்த அறிக்கையிலேயே, நாங்கள் பிரசங்கத்தில் எடுத்துச் சொல்லாத ஒரு பகுதியும் இருக்கிறது. சட்டத்தின் வேலை நடப்பதைப் பதிவுசெய்வதல்ல, நிலைமையை நல்லதாக்க உதவுவது. குடும்பங்களுக்கும் தனித்துப்போன தாய்மாருக்கும் பிள்ளைகளுக்கும் உதவி கிடைக்கச் செய்வது அரசின் கடமை என்கிறது அது. அவன் கந்தோரில் கேட்டது இதைத்தானே. 303இல் இல்லாத பதிலைத் திருச்சபை அரசிடம் கேட்கச் சொல்லி ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகிறது, நாங்கள் கேட்கவில்லை.

சரி, கதைக்கு வருகிறேன்.

அன்று பின்னேரமே ஓர் அருட்சகோதரியையும் கூட்டிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். அவள் முற்றத்தில் சூடை மீன் துப்புரவாக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. சிஸ்டர் பக்கத்தில் குந்தி மீனை எடுத்துத் தானும் தலை கிள்ளத் தொடங்கினார், கால் மணித்தியாலம் யாரும் எதுவும் பேசவில்லை. பிறகு அவளே சொன்னாள்: "டொக்டர் சட்டம் விடாது எண்டார். பாதர் பாவம் எண்டார். ரெண்டு பேரும் சொல்லி முடிச்சிட்டாங்க. நான் வீட்டுக்கு வந்து சோறாக்கணும்."

அவள் இந்துக் குடும்பத்துப் பிள்ளை, கலியாணத்தோடு ஞானஸ்நானம் பெற்றவள். அவளுடைய அம்மா இன்னும் வெள்ளிக்கிழமை தவறாமல் கோணேசர் மலை ஏறுகிறவர். அந்த அம்மா குசினி வாசலில் நின்று சொன்னது: "தந்தவரே எடுக்கட்டும். நாம எதுக்கு அவசரப்படணும்?" ஒரு சுற்றுமடலும் வாசிக்காத வாய்.

அவளிடம் கேள்விகள் இருந்தன, பத்து நாளாக யாரிடமும் கேட்காத கேள்விகள். பிள்ளைக்கு நோகுமா? எனக்கு ஏதும் ஆகுமா? ஞானஸ்நானம் கொடுக்கலாமா? கொடுக்க முதல் செத்தா எங்கட சேமக்காலையில தாக்க விடுவாங்களா? ஊர்ச் சனம் பழி எண்டு சொல்லுமா? தெரிந்ததைச் சொன்னோம். ஆபத்தான வேளையில் யார் வேண்டுமானாலும் திருமுழுக்குக் கொடுக்கலாம், தண்ணீரும் சொற்களும் திருச்சபை செய்வதைச் செய்யும் எண்ணமும் போதும். பெற்றோர் கொடுக்க எண்ணியிருந்து பிள்ளை அதற்கு முதல் இறந்தால் திருச்சபைச் சட்டம் 1183ஆம் பிரிவின்படி ஆயரின் அனுமதியோடு அடக்கச் சடங்கு செய்யலாம். இதைச் சொன்னபோதுதான் முதல் தடவையாக அழுதாள். உடம்பைப் பற்றிய கேள்விகளுக்கு எங்களிடம் பதில் இல்லை, அதற்கு வேறொரு நிபுணரிடம் அடுத்த கிழமை கூட்டிப்போனோம். அவர் முக்கால் மணித்தியாலம் இருந்து பேசினார். இப்படிப் பிள்ளைகள் சரியாக விழுங்காததால் பன்னீர்க்குடத்தில் நீர் கூடும், வயிறு அளவுக்கு மிஞ்சிப் பெருக்கும், மூச்சு முட்டும், அப்போது என்ன செய்வோம், எப்போது பயப்பட வேண்டும், எப்போது வேண்டாம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அவர் எந்த மதம் என்று எனக்குத் தெரியாது. அவருக்காக இன்றும் செபிக்கிறேன்.

இதே நோயைப் பற்றி அமெரிக்க ஆயர்களின் கோட்பாட்டுக் குழு 1996இல் தனியாக ஓர் ஆவணம் வெளியிட்டிருக்கிறது. தாயின் மனப்பாரத்தையோ உடல் சிரமத்தையோ தவிர்ப்பதற்காக இந்தப் பிள்ளையின் உயிரை முடிக்கக் கூடாது, தாய்க்கு உயிராபத்தான நோய் வந்தால் அந்த நோய்க்கு வைத்தியம் செய்யலாம், பிள்ளையின் சாவு அதற்கு வழியாக இருக்கக்கூடாது என்பது அதன் சாரம். எங்களுக்கு அது கைவிளக்காக இருந்தது. 33ஆவது கிழமையில் நீரின் ஒரு பகுதியை ஊசியால் எடுத்தார்கள், அவளுக்குப் படுத்து நித்திரை கொள்ள முடிந்தது. இதில் எந்தத் தடையும் இல்லை.

இளம் டொக்டர் ஒருவர், நல்ல பிள்ளை, என்னிடம் நேராகவே கேட்டார். "அன்ரி, உங்கட விசுவாசத்தை மதிக்கிறன். இவ விரும்பிச் சுமக்கிறா, சரி. விரும்பாத ஒரு பொம்பிளையிட்ட, முடிவு தெரிஞ்சும் நாலு மாசம் சுமக்கணும் எண்டு சொல்ல அரசுக்கு என்ன உரிமை? எல்லாரும் உங்கட சமயம் இல்லையே." லேசான கேள்வி இல்லை, அதை விலக்கிப் போகிறவர் யாரையும் நான் நம்பமாட்டேன். என் பதில் இதுதான்: இந்தப் பிள்ளை இரண்டு மணித்தியாலம் வாழப்போகிறது என்பது அதன் உரிமையைக் குறைக்காது, சாகக் கிடக்கிற எண்பது வயதுக்காரருக்கு எப்படிக் குறையாதோ அப்படி. சாவு உறுதி என்பதற்காகக் கொல்லலாம் என்று சட்டத்தில் ஒரு வரி எழுதினால் அந்த வரி இந்த வார்டோடு நிற்காது. ஆனால் அவர் கேள்வியின் மறுபாதியை நான் ஒத்துக்கொண்டேன். சுமக்கச் சொல்கிற அரசு அந்தப் பதினாறு கிழமையும் அவளோடு இருக்க வேண்டும். ஓர் ஆலோசகர் வேண்டும், வலிக்கு மருந்து வேண்டும், பிள்ளையோடு இருக்க ஒரு தனி அறை வேண்டும், புருஷனுக்கு உள்ளே வர அனுமதி வேண்டும். இதில் ஒன்றையும் தராமல் 'கூடாது' என்று மட்டும் சொல்கிற சட்டத்தை வைத்துக்கொண்டு நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

இந்த விவாதம் எங்கள் நாட்டில் ஒரு தடவைக்கு மேல் பாராளுமன்றத்தின் பக்கம் வந்திருக்கிறது. 1995இல் தண்டனைச் சட்டக்கோவையைத் திருத்தியபோது வல்லுறவு, தகாத உறவு, கடும் பிறவிக் குறைபாடு ஆகியவற்றுக்கு விலக்கு அளிக்கும் ஒரு வாசகம் இருந்தது, எதிர்ப்பு வந்தது, அந்த வாசகத்தை எடுத்துவிட்டு மற்றத் திருத்தங்களை நிறைவேற்றினார்கள். அதே வருடம் ஜனவரியில்தான் இரண்டாம் ஜோன் போல் கொழும்புக்கு வந்து ஜோசப் வாஸ் அடிகளாரை அருளாளராக உயர்த்தினார், மார்ச்சில் சுற்றுமடல். பிறகு 2017. உயர் நீதிமன்ற நீதியரசர் புவனேக அலுவிகாரே தலைமையிலான குழுவின் பரிந்துரையை வைத்து, வல்லுறவால் உண்டான கருவுக்கும் பிழைக்க முடியாத பிறவிக் குறைபாட்டுக்கும் இடம் கொடுக்க யோசனை வந்தது. கத்தோலிக்க ஆயர் பேரவை எதிர்த்தது, அது சட்டமாகவில்லை. அப்போது நானும் கையெழுத்து வாங்க வீடு வீடாகப் போனவள். இன்றும் போவேன். சுற்றுமடலின் 73ஆம் பத்தியில், ஏற்கெனவே தளர்ந்துபோன சட்டத்தின் தீமையைக் குறைக்கும் ஒரு திருத்தத்துக்குக் கத்தோலிக்க உறுப்பினர் வாக்களிக்கலாம் என்று ஒரு இடம் இருக்கிறது, ஆனால் இறுக்கமான சட்டத்தைத் தளர்த்துவதற்கு அந்த வாசல் திறக்காது. ஆகவே அந்த எதிர்ப்பு சரியானது. எனக்கு உறுத்துவது வேறு. 2017இல் அத்தனை வீட்டுப் படி ஏறினேனே, ஒரு வீட்டிலாவது, உங்களுக்கு இப்படி ஒரு நிலைமை வந்தால் எங்களைக் கூப்பிடுங்கோ என்று சொல்லி ஒரு தொலைபேசி இலக்கம் கொடுத்தேனா?

இன்னொரு சம்பவத்தையும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும், இது வேறு ஊர், வேறு குடும்பம். 17 வயதுப் பிள்ளை. ஏமாற்றினவன் குளிசை வாங்கிக் கொடுத்துவிட்டுத் தொலைபேசி இலக்கத்தை மாற்றிவிட்டான். இரண்டு நாள் இரத்தம் போயிருக்கிறது, பொலிஸுக்குச் சொல்லிவிடுவார்கள் என்ற பயத்தில் தாயும் மகளும் கதவைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குள் இருந்திருக்கிறார்கள். மூன்றாம் நாள் மயங்கி விழுந்த பிறகுதான் ஆட்டோ பிடித்தார்கள். உயிர் தப்பியது. இரத்தம் போகிற பெண்ணுக்கு வைத்தியம் பார்ப்பது எந்தச் சட்டத்திலும் குற்றமில்லை, யார் எதற்காக வந்தாலும் ஆஸ்பத்திரிக்கு உடனே போக வேண்டும், இதைக் கோவில் அறிவித்தல் பலகையில் ஒட்டினாலும் நான் சந்தோஷப்படுவேன். அந்தத் தாய் என்னிடம் கேட்டது, மகள் திருச்சபைக்கு வெளியே போய்விட்டாளா என்று. கருக்கலைப்புக்குத் தானாகவே விழும் சபைநீக்கம் இருப்பது உண்மை, 2021 டிசம்பரிலிருந்து அது திருச்சபைச் சட்டத்தின் 1397ஆம் பிரிவில் இருக்கிறது. ஆனால் 18 வயது நிரம்பாதவருக்கும், கடும் பயத்தால் நெருக்கப்பட்டவருக்கும், இப்படி ஒரு தண்டனை இருப்பதே தன் பிழையில்லாமல் தெரியாதவருக்கும் அது தானாக விழாது என்று அதே சட்டத்தின் 1324ஆம் பிரிவு சொல்கிறது. பாவமன்னிப்புக்கு ஆயரிடம் போக வேண்டியதும் இல்லை, 2016 நவம்பரில் பிரான்சிஸ் பாப்பரசர் அந்த அதிகாரத்தை எல்லாக் குருக்களுக்கும் நிரந்தரமாகக் கொடுத்துவிட்டார். சுற்றுமடலின் 59ஆம் பத்தி, பெண்ணைத் தனியே விட்டுவிட்டுப் போகிற ஆணின் பொறுப்பைப் பெயர் சொல்லிப் பேசுகிறது. 303இன்படியும் குளிசை வாங்கிக் கொடுத்தவனுக்குக் குற்றத்தில் பங்கு உண்டு. அந்தப் பையனைத் தேடி யாரும் போகவில்லை. கதவுக்குப் பின்னால் இருந்தது அந்தப் பிள்ளை.

அந்தக் கடற்தொழிலாளியின் மனைவிக்கு 37ஆவது கிழமையில் வலி வந்தது. விடியற்காலை மூன்று மணி, மழை. தயாராகத்தான் இருந்தோம். என் பக்கத்து வீட்டு மாமி, இந்த வெயில் ஊரில் கம்பளி நூல் தேடி வாங்கி, ஒரு சின்ன வெள்ளைத் தொப்பி பின்னிக் கொடுத்திருந்தார், தலையை முழுக்க மூடுகிற மாதிரி. கிளினிக் அட்டையின் பின்பக்கம் திருமுழுக்குச் சொற்களை நான் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்திருந்தேன். பெண் பிள்ளை. உயிரோடு பிறந்தாள். சிங்கள நேர்ஸ் ஒருவர் தொப்பியைப் போட்டு நெஞ்சில் வைத்துவிட்டுத் தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திறந்து கையில் கொடுத்தாராம், அட்டையைப் பார்த்துப் பார்த்து அவளே சொல்லித் தண்ணீர் ஊற்றினாள். ஒரு மணியும் ஐம்பது நிமிடமும். புருஷனைக் கடைசி இருபது நிமிடம் உள்ளே விட்டார்கள். பிள்ளை அவன் விரலைப் பிடித்ததாகச் சொல்கிறான்.

இரண்டு நாள் கழித்துப் பிறப்பையும் இறப்பையும் பதிய என்னென்ன தாள் வேண்டும் என்று கேட்டுக் கந்தோருக்கு வந்தான், அதே கதிரையில் இருந்தான். ஒரே பெயரை இரண்டு படிவத்திலும் எழுதினான். முற்பணத்தில் மிச்சமிருந்ததைப் போட் முதலாளி திருப்பி வாங்கவில்லையாம்.

இப்போது எங்கள் பங்கில் நாலு பெண்கள் இருக்கிறோம், ஒருவர் ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர், இன்னொருவர் முஸ்லிம் சகோதரி, பேரப்பிள்ளையை இதே நோயில் இழந்தவர். ஒரு தொலைபேசி இலக்கம். மிட்வைஃப் மிஸ்மாருக்குத் தெரியும். இதுவரை வந்த அழைப்புகளை ஒரு கை விரலுக்குள் எண்ணலாம்.

இந்தக் கட்டுரையை அனுப்ப முதல் அவளிடம் வாசித்துக் காட்டினேன். மூன்று திருத்தம் சொன்னாள். 'தியாகம்' என்று ஓரிடத்தில் எழுதியிருந்தேன், எடுக்கச் சொன்னாள், எடுத்துவிட்டேன். இரண்டாவது, அவள் சொன்னபடியே போடுகிறேன்: "சட்டம் இல்லாம இருந்திருந்தா நான் அந்தப் பத்து நாளுக்குள்ள போயிருப்பன் அக்கா. போகாததுக்கு இண்டைக்கு சந்தோஷம். ஆனா சட்டத்துக்குப் பயந்து இருந்த பத்து நாளையும் பிள்ளைக்காக இருந்த மிச்ச நாளையும் ஒண்டு எண்டு எழுதாதீங்க."

மூன்றாவது, ஃபோலிக் அமிலம் பற்றி. மூத்தவன் பிறந்த பிறகு யாரும் சொல்லவில்லையாம், அல்லது சொல்லியும் காதில் விழவில்லையாம். பிள்ளை உண்டாவதற்கு முதலே தொடங்கி முதல் 12 கிழமை வரை நாளுக்கு 400 மைக்ரோகிராம் எடுத்தால் இந்த நரம்புக் குழாய்க் குறைபாடுகள் வெகுவாகக் குறையும். ஏற்கெனவே இப்படி ஒரு பிள்ளை இருந்தவருக்கு 5 மில்லிகிராம், வைத்தியரைக் கேட்டு. இப்படி ஏற்கெனவே பாதிக்கப்பட்ட தாய்மாரிடம் கூடிய அளவு கொடுத்துப் பார்த்த ஆய்வு 1991இல் வந்தது, திரும்ப வருவது நூற்றுக்கு எழுபது பங்குக்கு மேல் குறைந்திருந்தது. அவள் இப்போது கிளினிக்கில் வாங்கிக் குடிக்கிறாள். "இதையும் கட்டாயம் போடுங்க," என்றாள், "கீழ போட்டாலும் பரவாயில்லை."